கதவையும் திறப்போம், கண்ணையும் காப்போம்!



கதிரவனுக்குக் கட்சி இல்லை. திங்களுக்குச் சாதி இல்லை. நிழலுக்குத் தீட்டு இல்லை. எனினும், வானத்தில் ஒரு நிழல் விழுந்தால் மண்ணில் எத்தனை கதவுகள் அடைபடுகின்றன! அடுப்பு அணைகிறது, தண்ணீர்ப் பானையில் தர்ப்பைப் புல் விழுகிறது, கோயில் நடை சாத்தப்படுகிறது, கருவுற்ற பெண் இருட்டறையில் பட்டினி கிடக்கிறாள். இது வானியல் செய்திதானே, ஞாயிற்றுக்கிழமை அரசியல் பகுதியில் இதற்கென்ன இடம் என்று கேட்பீர்களானால், சற்றுப் பொறுங்கள். அறிந்தவன் எவன், அறியாதவன் எவன், அறிந்தவன் தான் அறிந்ததை ஏன் ஊருக்குச் சொல்லவில்லை என்னும் கேள்வி எங்கே எழுகிறதோ, அங்கே அரசியல் இருக்கிறது.

2019 டிசம்பர் 26 ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். அன்று காலை கதிரவனின் நடுவே கரிய வட்டமாய் நிலவு வந்து நின்றது. விளிம்பில் மட்டும் தீவளையம்போல் ஒளி எஞ்சிற்று. கோவையும் ஈரோடும் கரூரும் திண்டுக்கல்லும் அந்த வளையத்தின் பாதையில் இருந்த ஊர்கள். ஏறத்தாழ மூன்று நிமிடக் காட்சி. காணக் கிடைக்காத காட்சி.

அந்த நாளையொட்டி வேறு இரண்டு செய்திகளும் வந்தன. கர்நாடகத்தில் கலபுரகிக்கு அருகே தாஜ்சுல்தான்பூர் என்னும் சிற்றூரில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து வைத்தனர் பெற்றோர். கிரகண வேளையில் மண்ணுக்குள் இருந்தால் குறை நீங்குமாம்! இராசத்தானத்து ஜெய்ப்பூரில், கதிரவனை வெறுங்கண்ணால் உற்று நோக்கிய இளைஞர் பலர், விழித்திரை வெந்து மருத்துவமனைக்குச் சென்றனர்.

நிழல் ஒன்று, கொடுமை இரண்டு. ஓரிடத்தில் அச்சம் குழந்தையை மண்ணில் புதைத்தது. மற்றோரிடத்தில் அறியாத துணிவு இளைஞனின் கண்ணைச் சுட்டது. முதலாவதை மட்டும் மூடநம்பிக்கை என்று சாடிவிட்டு, இரண்டாவதைப் பற்றி வாய் திறவாதிருந்தால் நம் பணி பாதிப் பணியே. பகுத்தறிவு என்பது பயத்தை விடுவது மட்டுமன்று. பயத்தை விட்ட இடத்தில் அறிவை வைப்பது.

அந்த அறிவு அரியதா? இல்லை. ஒரு மின்விளக்கு, ஒரு பந்து, ஓர் எலுமிச்சம்பழம் போதும். விளக்கு கதிரவன், பந்து பூமி, பழம் நிலவு. விளக்குக்கும் பந்துக்கும் இடையே பழம் வந்தால் பந்தின்மேல் சிறு நிழல் விழும். அதுவே சூரிய கிரகணம். பந்தின் நிழலுக்குள் பழம் புகுந்தால் அது சந்திர கிரகணம். முன்னது அமாவாசையில் மட்டும். பின்னது பௌர்ணமியில் மட்டும். அப்படியானால் மாதந்தோறும் ஏன் வருவதில்லை? நிலவின் பாதை, பூமியின் பாதைத் தளத்திற்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான மாதங்களில் நிழல் மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளுக்கு அருகே மூன்றும் நேர்க்கோட்டில் நிற்கும்போதுதான் மறைப்பு நிகழும்.

அந்த இரண்டு வெட்டுப் புள்ளிகளுக்கு நம் நாட்டுக் கணக்கர்கள் இட்ட பெயர் என்ன தெரியுமா? ராகு, கேது! ஆம் தோழர்களே, கணக்கனின் ஏட்டில் ராகு வெறும் புள்ளி. கதை சொல்பவனின் வாயில்தான் அது பாம்பாயிற்று.

கதிரவனின் குறுக்களவு நிலவின் குறுக்களவைப்போல் சுமார் 400 மடங்கு. அதன் தொலைவும் சுமார் 400 மடங்கு. ஆகவேதான் சிறிய நிலவு பெரிய கதிரவனை முழுதும் மூடிவிட முடிகிறது. நிலவு தன் பாதையில் சற்றே தொலைவில் இருக்கும் நாளில் மூடல் முழுமையாவதில்லை. விளிம்பு வளையமாய்த் தெரிகிறது. 2019 இல் நாம் கண்டது அதுவே. இதில் விழுங்கும் பாம்பும் இல்லை, மீட்கும் மந்திரமும் இல்லை.

இந்த உண்மை மேனாட்டார் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதா? அதுவுமில்லை. கி.பி. 499 இலேயே ஆரியபட்டர் எழுதிவிட்டார்: கதிரவனை நிலவு மறைக்கிறது, நிலவைப் பூமியின் நிழல் மறைக்கிறது என்று. ஆனால் 628 இல் நூல் இயற்றிய பிரம்மகுப்தர், கிரகணத்தைத் துல்லியமாகக் கணிக்கத் தெரிந்த மேதை, ராகுவை மறுத்தவர்களையே கண்டித்தார். நானூறு ஆண்டுகள் கழித்து இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பிரூனிக்கு இது வியப்பாயிற்று. உண்மை அறிந்த ஒருவர் ஏன் இப்படிப் பேசினார்? சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேரக்கூடாது என்று அஞ்சினாரோ என்று ஐயுற்றார் அவர்.

இன்னும் அருகில் வாருங்கள், புதுச்சேரிக்கு வாருங்கள். 18 ஆம் நூற்றாண்டில், வெள்ளி கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியைக் காண அங்கு வந்து தங்கியிருந்தார் லெ ஜென்டீல் என்னும் பிரெஞ்சு வானியலாளர். தமிழ்க் கணக்கர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே கிரகணம் கணிப்பதைக் கண்டு அவர் திகைத்தார். 1765 ஆகஸ்டு 30 ஆம் நாள் சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில், தமிழரின் கணக்கு 41 வினாடிதான் தவறிற்று. ஐரோப்பாவில் அன்று போற்றப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணையோ 68 வினாடி தவறிற்று!

பெருமைப்படலாம்; தடையில்லை. ஆனால் பெருமையோடு ஒரு கேள்வியும் கேளுங்கள். அந்தச் சோழிக் கணக்கில் எந்தச் சோழி பாம்பைக் குறித்தது? எந்த வாய்பாடு தீட்டைக் குறித்தது? ஒன்றுமில்லை. கணக்கு அறையில் எண் ஆண்டது. வெளித் திண்ணையில் பாம்பு ஆண்டது. எண் சிலருக்கு, பாம்பு பலருக்கு. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக உண்மை இந்த நாட்டில் இல்லாமற் போகவில்லை, பங்கிடப்படாமற் போயிற்று. இதுதான் இந்தக் கட்டுரையின் சாரம்.

உண்மை பங்கிடப்படாததால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. 1868 ஆகஸ்டு 18 ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூரில் முழுக் கிரகணம் விழுந்தது. கடல் கடந்து வந்த ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர், கதிரவனின் விளிம்பில் எழுந்த சுடரை ஆய்ந்தார். அக்காலத்து ஆய்வுகளில் தென்பட்ட ஒரு மஞ்சட் கோடுதான் ஹீலியம் என்னும் தனிமத்தை உலகுக்கு உணர்த்திற்று. பூமியில் அது கைக்குக் கிட்டியதோ 1895 இல்தான். நம் தலைக்கு மேல் விழுந்த நிழலிலிருந்து உலகம் ஒரு தனிமத்தையே கண்டெடுத்தது.

ஆட்சிப் பொறுப்பில் இருப்போரும் எல்லாக் காலத்திலும் வழி காட்டவில்லை. 1980 பிப்ரவரி 16 ஆம் நாள், கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா வழியே முழுக் கிரகணம் சென்றது. நாட்டின் தெருக்கள் வெறிச்சோடின. மக்களை வீட்டுக்குள்ளே இருத்தி வைக்கத் தொலைக்காட்சி திரைப்படம் காட்டிற்று! கண்ணைக் காக்கும் வழியைக் கற்றுத் தருவதைவிடக் கதவைச் சாத்தச் சொல்வது எளிதாயிற்று அவர்களுக்கு. 15 ஆண்டுகள் கழிந்து 1995 அக்டோபர் 24 ஆம் நாளன்று நிலைமை மாறத் தொடங்கிற்று. வங்கத்து டைமண்ட் ஹார்பரில் மக்கள் திரளாகக் கூடிக் கண்டு களித்தனர். மக்கள் மாறவில்லையா? மாறினார்கள். சொல்ல ஆள் இருந்தபோது மாறினார்கள். ‘அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை’ என்னும் கருத்து 1976 இல் அரசியல் சட்டத்திலேயே ஏறிவிட்டது. சட்டத்தில் ஏறியதைத் தெருவில் இறக்குவது நம் வேலை.

எப்படி இறக்குவது? முதலில் ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள்: ஏளனம் வேண்டா. மருமகளை வெளியே போகாதே என்று தடுக்கும் மாமியாரும், மகளின் வயிற்றுப் பிள்ளைக்காகப் பதறும் தாயும் நம் பகைவர் அல்லர். அவர்களை ஆட்டுவது அன்பு. அந்த அன்பை வழிதவறச் செய்தது அச்சம். அவர்களிடம் அமைதியாகச் சொல்லுங்கள். உதடு பிளந்து பிறப்பதற்கு மரபுக்கூறுகளும் கருக்காலத்துச் சூழலும் காரணம். கிரகணமே தெரியாத நாடுகளிலும் ஆண்டுகளிலும் அக்குறையோடு குழந்தைகள் பிறக்கின்றன. பல மணி நேரம் சோறும் நீரும் இல்லாமல் கிடப்பதுதான் கருவுற்றவளுக்கு உண்மையான தீங்கு. சமைத்த உணவை நிழல் கெடுப்பதில்லை. தட்டில் உலக்கை நிற்கிறதே என்பார்கள். அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும். நாளைக் காலையே நிறுத்திக் காட்டுங்கள்!

அடுத்து, துணிந்த இளைஞனிடம் சொல்ல வேண்டியது. கிரகணத்தின்போது கதிரவன் புதிதாக எந்த நச்சுக் கதிரையும் வீசுவதில்லை. என்றும் உள்ள அதே கதிரவன்தான். ஆனால் மற்ற நாளில் கூச்சம் தாங்காமல் கண்ணைத் திருப்பிக்கொள்கிறோம். அன்றோ ஆவலோடு உற்று நோக்குகிறோம். ஒளி குன்றக் குன்றக் கண்மணியும் விரிகிறது. எஞ்சிய கீற்று ஒளி நேரே விழித்திரையைச் சுடுகிறது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை. ஆகவே சுடும்போது தெரியாது. சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவே கரும்புள்ளி தோன்றும்போதுதான் தெரியும். போன பார்வை முழுதும் மீளாமலே போகலாம்.

எனவே, எவற்றை விலக்க வேண்டும்? கறுப்புக் கண்ணாடி, புகையேற்றிய கண்ணாடி, எக்ஸ்ரே படம், தாம்பாளத்து மஞ்சள் நீர் ஆகிய எவையும் பாதுகாப்பல்ல. எவற்றைக் கொள்ள வேண்டும்? ஐ.எஸ்.ஓ. 12312-2 என்னும் தரத்துக்கு உட்பட்ட கிரகணக் கண்ணாடி, அல்லது 14 ஆம் எண் வெல்டிங் கண்ணாடி. கீறலோ துளையோ இருந்தால் எறிந்துவிடுங்கள். தலை குனிந்து அணிந்து, பின்பு நிமிர்ந்து பாருங்கள். மீண்டும் குனிந்த பின்னரே கழற்றுங்கள். அதை அணிந்துகொண்டு தொலைநோக்கி வழியாக ஒருபோதும் பார்க்காதீர்கள். சிறுவர்களின் அருகே பெரியவர் ஒருவர் நிற்கட்டும். வளையக் கிரகணத்தில் வெறுங்கண்ணுக்கு ஒரு நொடிகூட இடமில்லை. முழுக் கிரகணத்தில் கதிரவன் அறவே மூடப்பட்ட அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே விலக்கு.

காசில்லாதவனுக்கும் வழி உண்டு. அட்டையில் ஊசியால் ஒரு துளையிடுங்கள். கதிரவனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியே வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தாளில் பிறைக் கதிரவன் தோன்றுவான். அட்டையும் இல்லையா? வேப்பமரத்தடிக்குச் செல்லுங்கள். இலை இடுக்குகளெல்லாம் துளைகளாகி, தரை முழுதும் பிறைகளாய்ச் சிதறிக் கிடக்கும். மரம் நடத்தும் அந்தப் பாடத்திற்குக் கட்டணமே இல்லை.

சந்திர கிரகணத்திற்கோ எந்தக் கண்ணாடியும் வேண்டா. 2025 செப்டம்பர் 7 ஆம் நாள் இரவு, 82 நிமிடம் நிலவு செம்பு நிறத்தில் நின்றதே, அதை வெறுங்கண்ணாலேயே காணலாம். பூமியின் காற்று மண்டலம் வளைத்தனுப்பும் செவ்வொளிதான் அந்நிறம்; குருதியும் அன்று, சாபமும் அன்று. அஞ்சுபவரை முதலில் இதற்கு அழைத்து வாருங்கள். இரவில் முற்றத்துக்கு வந்தவர், பின்பு பகலிலும் வருவார்.

தோழர்களே, 2031 மே 21 ஆம் நாள் தென் தமிழ்நாடு, கேரளம், வட இலங்கை ஆகியவற்றின்மேல் மீண்டும் வளையக் கிரகணம் செல்லும். மே மாதம் நம் பள்ளிகளுக்கு விடுமுறைக் காலம். ஆசிரியர் இருக்கமாட்டார், வகுப்பறை இருக்காது. அப்போது யார் ஆசிரியர்? நம் படிப்பகம்தான் வகுப்பறை, நாம்தான் ஆசிரியர்! ஒவ்வொரு கிளையும் இன்றே திட்டமிடட்டும். விளக்கும் பந்தும் எலுமிச்சம்பழமும் கொண்டு தெருமுனைப் பாடம் நடத்தட்டும். தரமான கண்ணாடிகளை முன்னதாகவே வாங்கி வைக்கட்டும். ஒவ்வொரு ஊராட்சிக்கும் அவற்றை வழங்குமாறு அரசை வற்புறுத்தட்டும். கண் மருத்துவரை மேடையேற்றட்டும். அன்று பந்தலடியில் சோறு சமைத்து, கருவுற்ற சகோதரிக்கு முதல் பந்தி போடட்டும்.

சோழிக்காரனின் எண் சிலருடைய உடைமையாய் இருந்தது போதும். அது ஊர்ச் சொத்தாகட்டும். கதவைத் திறப்போம்; கண்ணைக் காப்போம்; நிழலை நிழலென்றே நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோம்!