வாசிகசாலைக்கு ஒரு கணு வேண்டும்

1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதனுள் சேகரிக்கப்பட்டிருந்த ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏட்டுச் சுவடிகளும் எரிந்தழிந்த விருத்தாந்தத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். இரண்டாண்டுகளின் பின், 1983 யூலையில், கொழும்பு வீதிகளில் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்களின் கைகளில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தன என்பதையும் நாம் மறக்கவில்லை. எனினும், இவ்விரண்டு அனர்த்தங்களையும் அருகருகே வைத்து யோசித்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. முதலாவதில், பல இடங்களிலே பிரதிகளாகப் பரவியிருக்க வேண்டிய கிரந்தங்கள் ஒரே கட்டடத்தில் குவிந்திருந்தன. இரண்டாவதில், தீய நோக்கமுடையவர் கையில் ஒருங்கே சேரத்தகாத பெயர்களும் விலாசங்களும், வாக்குரிமை என்ற நல்ல காரியத்துக்காகவே திரட்டப்பட்டு, ஒரே இடாப்பில் குவிந்திருந்தன. குற்றம் தீ வைத்தவர்களுடையதும் கொலை செய்தவர்களுடையதுமே, அதில் சந்தேகமில்லை. ஆயினும் அவர்களுடைய வேலையை அந்தக் குவியல்கள் இலகுவாக்கின.

இன்று நம்முடைய கடிதங்களும், குடும்பப் படங்களும், வங்கிக் கணக்கும், வைத்தியரிடம் சொன்ன நோயும், யாருடன் எந்த நேரத்தில் பேசினோம் என்ற விபரமும் வெளிநாட்டுக் கம்பெனிகள் சிலவற்றின் கணினிகளிலே குவிந்து கிடக்கின்றன. இந்திய அரசின் நன்கொடையோடு விரல் ரேகையையும் கண்ணையும் பதிவு செய்யும் டிஜிட்டல் அடையாளத் திட்டமொன்றை இலங்கை அரசும் முன்னெடுத்து வருகிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம்மிடம் இருப்பது மெய்யே. ஆனால் இடாப்புகள் இருந்த காலத்திலும் சட்டங்கள் இருந்தன. பேச்சின் பாதையும் அவ்வாறே சிலர் கையில் ஒடுங்கியிருக்கிறது. கண்டிக்கு அருகே திகனவில் நடந்த வன்முறையை அடுத்து 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளை அடுத்து 2019 ஏப்ரலிலும், மக்கள் போராட்டத்தின் நடுவே 2022 ஏப்ரல் 3ஆம் திகதியிலும் சமூக ஊடகங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டன. வதந்தியைத் தடுப்பதற்கென்று சொல்லப்பட்ட காரணத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கொழும்பில் பிறக்கும் ஓர் உத்தரவினால் யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையிலிருக்கும் ஒரு தாய் கனடாவிலுள்ள மகனோடு பேச முடியாமற் போகிறதென்றால், அந்த அமைப்பிலேயே ஒரு பலவீனம் உண்டென்பதை ஏற்கத்தான் வேண்டும். இலங்கையை உலகோடு இணைக்கும் கடலடிக் கம்பிகள் கல்கிசையிலும் கொழும்பிலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. பாக்கு நீரிணைக்கு அப்பால் கிட்டவே கிடக்கும் தமிழகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து செல்லும் ஒரு சொல்லும் முதலில் தெற்கே போய்த்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்தப் பலவீனத்துக்கு மாற்றுண்டு என்பதை 1964இலேயே போல் பாரன் என்ற பொறியியலாளர் எழுதிக் காட்டினார். நடுவில் ஒரு நிலையமும் சுற்றிலும் கிளைகளுமாக அமைந்த வலையில் நடுநிலையம் வீழ்ந்தால் எல்லாம் வீழும். ஒவ்வொரு முடிச்சும் பல முடிச்சுகளோடு நேரே பிணைந்த வலையில் சில அறுந்தாலும் செய்தி வேறு வழி தேடிப் போய்ச் சேரும். குடாநாட்டின் தரைவழியான ஆனையிறவுப் பாதை அடைபட்ட தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலி நீரேரியை இரவிலே படகேறிக் கடந்த நம்மவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளைஞர் 'நோட்' என்றும் தமிழ்நூல்கள் கணு என்றும் சொல்வது இத்தகைய ஒரு முடிச்சையே: வீட்டிலோ பொது இடத்திலோ இருக்கும் ஒரு சாதாரணக் கணினி, தன் சேமிப்பிடத்திலும் கணிக்கும் ஆற்றலிலும் இணைய வேகத்திலும் ஒரு பங்கை முன்பின் அறியாத பிறர்க்கு உபகாரமாகக் கொடுத்து, எந்த எசமானுக்கும் கீழ்ப்படாமல் மற்றக் கணுக்களோடு சமானமாக நிற்பது.

அந்தரங்கத்தைக் காக்கும் இவ்வகை வலைகளிலே அதிகம் பிரசித்தமானது டோர். அதன் மூலக்கருத்து 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது என்று கேட்கும்போது சிலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். 2006 முதல் இலாப நோக்கற்ற ஸ்தாபனமொன்று அதைப் பராமரிக்கிறது. அனுப்புகிறவரின் கணினி, செய்தியை வெங்காயத் தோல் போல மூன்று மறைகுறியீட்டு உறைகளுக்குள் அடக்கி விடுகிறது. முதற் கணு ஓர் உறையைப் பிரிக்கும். அனுப்பியவர் யாரென்று அதற்குத் தெரியும், சேருமிடம் தெரியாது. இடையிலுள்ள கணுவுக்கு இரண்டுமே தெரியா. கடைசிக் கணு சேருமிடத்தை அறியும், அனுப்பியவரை அறியாது. ஆகவே முழு விபரத்தையும் ஒருசேரத் தாங்கிய இடாப்பு எந்தக் கணுவிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத இடாப்பை எந்தக் கும்பலும் பறித்தெடுக்க முடியாது. 2000இல் அயன் கிளார்க் வெளியிட்ட ஃப்ரீநெட் இந்த நியாயத்தைச் சேமிப்புக்கும் விரித்தது: மறைகுறியிட்டுத் துண்டாக்கிய கோப்புகளைப் பலருடைய கணினிகள் வைத்திருக்கும், தம்மிடம் இருப்பது இன்னதென்று அவற்றின் சொந்தக்காரர்க்கே தெரியாது. கணிப்பு வேலையையே பகிர்வதும் பழக்கமானதுதான். புரதங்களின் மடிப்பை ஆராயும் 'ஃபோல்டிங் அட் ஹோம்' திட்டத்துக்கு 2020இல், கொரோனாக் காலத்தில், உலகெங்குமிருந்து மக்கள் இரவல் கொடுத்த கணினிகள் சேர்ந்து, அந்நாளைய மகா கணினிகளையும் மிஞ்சிய வேகத்தில் இயங்கின.

நூல்களின் காரியத்தில் நம்மவர் இப்பாதையில் ஏற்கெனவே பாதித் தூரம் வந்துவிட்டனர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கி ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் திட்டமும் தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பிலே எழுந்தவை. அந்தச் சேகரத்தின் பிரதிகள் ஊர்கள் தோறும் நாடுகள் தோறும் கணுக்களில் தங்கி, தம்முள் ஒப்பிட்டுப் பார்த்துச் சிதைந்த பக்கத்தைத் தாமே திருத்திக்கொள்ளும் நாள் வருமானால், அதன்பின் ஒரு கட்டடத்தைக் கொளுத்தி ஒரு சமூகத்தின் ஞாபகத்தை அழிக்க எவராலும் இயலாது. இது ஆகாயக் கோட்டையன்று. உலகத்துப் பல்கலைக்கழக நூலகங்கள் ஸ்டான்போர்டில் 1999இல் தோன்றிய 'லொக்ஸ்' என்னும் முறையினால் தம் சஞ்சிகைகளை இவ்வாறே காத்து வருகின்றன.

டோர் போன்ற வலைகளில் களவும் கபடமும் ஒளிந்துகொள்கின்றனவே என்று கேட்கப்படும். ஒளிந்துகொள்கின்றன, மறுப்பதில் நேர்மையில்லை. சிறுவரை வதைக்கும் படங்களும் போதைப்பொருள் வியாபாரமும் டோரின் இருட்டில் நடந்துள்ளன, பொலிசார் அவற்றுட் பலவற்றைப் பிடித்துமுள்ளனர். ஆயினும், காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி விசாரிக்கும் தாயும், ஊழலை வெளிப்படுத்தும் உத்தியோகத்தரும், கணவனின் அடிக்கு அஞ்சி ஒளிந்திருக்கும் பெண்ணும், வேவு பார்க்கப்படாமற் பேசுவதற்குரிய வழியை, கள்வனும் அதே வழியில் நடப்பான் என்பதற்காக அடைத்துவிடுவது நியாயமாகாது. கள்வனுக்கு வேறு வழி வாங்கப் பணமுண்டு. அந்தத் தாய்க்கு இல்லை. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவின் கையில் கொடுத்திருக்கும் இந்த நாட்டிலே, இது வெறும் தத்துவ விசாரமும் அன்று.

இன்னொரு விஷயத்தில் நம் இளைஞர் மிகுந்த ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். கணு நடத்தினால் கிரிப்டோ நாணயம் கொட்டும் என்று சொல்லி, கருவியை விலைக்குத் தள்ளிவிட்டு, ஆட்களைச் சேர்த்தால் பங்கு தருவதாக ஆசைகாட்டும் கூட்டங்கள் பெருகியுள்ளன. இலங்கை மத்திய வங்கி இவ்வகை நாணயங்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கிறது. பணம் முன்னே கேட்கும் கணுவை வீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்துங்கள்.

நான் வேண்டுவது கொழும்புத்துறை போன்ற ஊர்களின் வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஒவ்வொரு கணு. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், லெபனன் என்ற சிறு நகரத்தின் கில்டன் நூலகம் 2015இல் டோர் கணுவொன்றை நிறுவிற்று. உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவரின் எச்சரிக்கை உள்ளூர்ப் பொலிசாரின் மூலம் வந்துசேர, நூலகம் அதை நிறுத்திவைத்தது. ஆனால் அவ்வாண்டு செப்டெம்பரில் நூலகச் சபை கூடியபோது ஊர் மக்கள் திரண்டு வந்து ஆதரித்துப் பேச, கணு மறுபடியும் இயங்கத் தொடங்கிற்று. வாசகர் எந்த நூலை எடுத்தார் என்பதை வெளியிடாத நூலகரின் தர்மமும், வாசகர் எந்தப் பக்கத்தைப் பார்த்தார் என்பதை மறைக்கும் கணுவின் தர்மமும் ஒன்றே என்று அந்நகரத்தார் கண்டனர்.

செலவு சொற்பம். உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினி ஏறக்குறைய ஐந்து வாட்டில் இயங்கும். இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு நாலு அலகு மின்சாரம் ஆகாது. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. கடற்காற்றின் உப்பு செருகிகளிலே பச்சையாய்ப் பூத்துவிடும். திடீரென்று மின்சாரம் போனால் மெமரி காட் பழுதாகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிய வேண்டிவரும். ஆகவே காற்றுப் புகாத பெட்டியும் சிறு மின்கலமும் அவசியம். மாதாந்த டேட்டா எல்லையைக் கவனித்து, கணு எவ்வளவு கடத்தலாம் என்பதை முன்கூட்டியே குறித்துவிட வேண்டும். செய்தி வலையை விட்டு வெளியேறும் கடைசிக் கணுவை வாசிகசாலையில் நடத்தவே கூடாது. பிறர் செய்த குற்றம் வாசிகசாலையின் இணைய முகவரியின் தலையில் விழும். இடைக்கணுவும் நுழைவுக்குத் துணைநிற்கும் 'ஸ்னோஃபிளேக்' முறையும் போதும். பின்னதை உலாவியிலே ஒரு நீட்சியாகச் சேர்த்துவிட்டால் கருவிகூட வேண்டியதில்லை. வரம்பற்ற இணையம் உடைய டொரொன்டோ, இலண்டன், பாரிஸ் நகரங்களின் ஊர்ச்சங்கங்கள் பெருஞ்சுமையைத் தாங்கட்டும்; ஆண்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் செலவில் ஒரு பகுதி இதற்குக் காணும்.

ஒரே பொது இணைய முகவரியைப் பல வாடிக்கையாளர் தலையில் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டைத் தொலைத்தொடர்புக் கம்பெனிகள் வாசிகசாலைகளுக்காவது நீக்கி, தனி முகவரி வழங்க வேண்டும். இல்லையேல் வெளியிலிருந்து எவரும் அக்கணுவை நேரே எட்ட முடியாது. யாழ்ப்பாண மாநகர சபை தன் பராமரிப்பிலுள்ள பொது நூலகத்திலேயே முதற் கணுவை நிறுவி, ஈழத்து நூற்சேகரத்தின் ஒரு முழுப் பிரதியை அதில் வைத்து, கொழும்புத்துறையிலும் தீவுப்பகுதியிலும் வன்னியிலும் உள்ள வாசிகசாலைகளுக்குப் பிரதி அனுப்பத் தொடங்கட்டும். வரும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கொரு சிறு தொகையை ஒதுக்குமாறு சபை உறுப்பினர்களை இப்பொழுதே கேட்கிறேன்.