விதை தூங்கினால் விவசாயியா குற்றவாளி?



தாளடி நாற்றங்காலுக்கு 30 கிலோ விதைநெல் வாங்கினேன். வழக்கம்போல ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணியை வடித்து, சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடினேன். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தால் நாலில் ஒரு பங்குகூட முளைக்கவில்லை. விற்ற இடத்தில் போய்க் கேட்டதற்கு, "நீங்க சரியா ஊறப்போட்டிருக்க மாட்டீங்க" என்றார்கள். முப்பது வருஷமா விதை கட்டுறவனுக்கு ஊறப்போடத் தெரியாதாம்! கடன் வாங்கி, வெளியில் நாற்று வாங்கித்தான் நட்டேன்.

மிச்சமிருந்த ஒரு படி நெல்லை ஒரு மாதம் கழித்து ஊறப்போட்டேன். நன்றாக முளைத்தது! விதை சாகவில்லை, தூங்கியிருக்கிறது.

இதைத்தான் விதை உறக்கம் என்கிறார்கள். அறுத்த புது நெல் ரகத்துக்கு ஏற்ப சில வாரம் தூங்கும். இது குறை அல்ல. அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே நெல் முளைத்துவிடாமல் காப்பது இந்த உறக்கம்தான். இமாச்சலத்திலும் காஷ்மீரிலும் ஆப்பிள் விதையை ஈர மணலில் வைத்து இரண்டு, மூன்று மாதம் குளிர் காட்டினால்தான் அது விழிக்கும். நம்ம நெல்லுக்குக் குளிர் வேண்டாம். நன்றாகக் காயவைத்து இருப்பு வைத்தாலே உறக்கம் தெளியும். அவசரத்துக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்கும் வழியும் இருக்கிறது.

இது விவசாயிக்குத் தெரியாமல் போகலாம். விற்கிறவனுக்குத் தெரியாதா? சான்று விதைக்கு 80 சதம் முளைப்பு வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் விதை தூங்கினால், சூடு காட்டியோ மருந்தில் ஊறவைத்தோ எழுப்பிவிட்டு எண்ணுவார்கள். அட்டையில் சதவீதம் ஏறிவிடும். எழுப்பிய சேதி மட்டும் அட்டையில் ஏறாது. நாம் வெறுந்தண்ணியில் ஊறப்போட்டு ஏமாந்து நிற்க வேண்டும். பழியையும் சுமக்க வேண்டும்!

சட்டம் நம் பக்கமும் இருக்கிறது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001, பதிவு செய்த ரகம் சொன்னபடி விளையாவிட்டால் இழப்பீடு கேட்கும் உரிமை தருகிறது. விதையில் ஏமாந்த விவசாயி நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2012இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது.

ஆனால் கையில் ஆதாரம் வேண்டுமே! ரசீது, அட்டை, சாக்கு, ஒரு படி விதை, இந்த நான்கையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். மூட்டை முழுவதையும் ஊறப்போடுவதற்கு முன் நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பாருங்கள். எண்பதுக்குக் குறைந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள்.

நமது கோரிக்கைகள்:

1. அறுவடை மாதம், உறக்கம் தெளிந்ததா, எப்படி ஊறப்போடுவது ஆகிய மூன்றையும் விதை அட்டையில் தமிழில் அச்சிடு!

2. விற்கும் இடத்திலேயே விவசாயிகள் முன்னிலையில் முளைப்புச் சோதனை நடத்து!

3. முளைக்காத விதைக்கு மாற்று விதையும், நாற்றுச் செலவும், பிந்திய பட்டத்துக்கு நஷ்டஈடும் கொடு!

விதை தூங்கலாம். விதைக்கிறவன் தூங்கலாமா? ஒன்றுபடுவோம்! உரிமையைக் கேட்டுப் பெறுவோம்!

— சங்கச் செயலாளர்