கல்யாணத்துக்குத் தாஜ்மகால் கொடுக்கலாமா?

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துக் கல்யாணங்களில் மொய்ப்பணத்தோடு பரிசுப் பொருள்களும் வந்து குவிகின்றன. குத்துவிளக்கு வரும். சுவர்க் கடிகாரம் வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தாஜ்மகாலும் வரும்!

குவிமாடமும் மினாரும் கோவைக்காரர்களுக்குப் புதியவை அல்ல. ஒப்பணக்காரத் தெருவில் அத்தர் ஜமாத் பள்ளிவாசலை அண்ணாந்து பார்க்காதவர் யார்? அந்த அழகுதான் தாஜ்மகால் பொம்மையையும் வாங்க வைக்கிறது.

ஆனால் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

"அது சமாதி ஆயிற்றே! புதுக்குடித்தனத்துக்கு ஆகுமா?" என்று கேட்கிறார்கள்.

சமாதி என்பது உண்மைதான். ஷாஜகான் மன்னரின் மனைவி மும்தாஜ், 1631-ல் புர்கான்பூரில் இறந்தார். அவருக்காக 1632-ல் ஆக்ராவில் வேலை தொடங்கியது. ராஜஸ்தானத்து மக்ரானாவில் இருந்து வெள்ளைச் சலவைக்கல் வந்தது. முழுவதும் முடிய ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின.

வீரக்கல் ஆகாதா?

இறந்தவர் நினைவு வீட்டுக்கு ஆகாது என்பது சரியா? கொங்கு நாட்டுக் கிராமங்களில் போரில் மாண்டவனின் வீரக்கல்லுக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். தாத்தா, பாட்டி படத்துக்கு மாலை போட்டு நடுவீட்டில் மாட்டுகிறார்கள். அவை ஆகும் என்றால் இதுவும் ஆகும்!

"கட்டியவர்களின் கையை மன்னர் வெட்டிவிட்டார். அந்தப் பாவம் சும்மா விடுமா?" என்பது இன்னொரு பேச்சு. அது வெறும் கட்டுக்கதை. அந்தக் காலத்து ஆவணம் எதிலும் அதற்குச் சான்று இல்லை. தாஜ்மகால் வேலை நடக்கும்போதே, 1639-ல், ஷாஜகான் டில்லியில் செங்கோட்டையைக் கட்டத் தொடங்கினார். கையை வெட்டுகிறவருக்கு அடுத்த வேலைக்கு ஆள் ஏது?

கைவேலை பாருங்கள்

அந்தக் கைவேலை இன்றும் ஆக்ராவில் உயிரோடு இருக்கிறது. சலவைக்கல்லில் பூ வடிவத்தில் பள்ளம் செதுக்குவார்கள். வண்ணக்கல்லை இதழ் போலத் தேய்த்து, பள்ளத்தில் பதித்து ஒட்டுவார்கள். ஒரு சின்னப் பெட்டிக்கே பல நாள் உழைப்பு!

எனவே வாங்குகிறவர்கள் ராசி பார்க்க வேண்டாம், கல்லைப் பார்க்கட்டும். சலவைக்கல் என்று சொல்லி மாக்கல்லை விற்பது உண்டு. மாக்கல் மெத்தென்று இருக்கும். நகத்தால் கீறினாலே கோடு விழும். கல்சட்டி செய்கிற கல் அது. அதில் செய்ததும் நல்ல பொருள்தான். ஆனால் அதற்குச் சலவைக்கல் விலை கொடுக்கக்கூடாது. அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கைவிட, ஒரு தொழிலாளியின் கை பட்ட சிறு கற்பெட்டி மேல்.

மாப்பிள்ளைக்கு ஒரு சேதி

பரிசு கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையிடம் ஒன்று சொல்லிக் கொடுக்கலாம். மும்தாஜ் நோயில் இறக்கவில்லை. 14-வது பிள்ளையைப் பெற்றபோது இறந்தார். ஒரு பேரரசின் செல்வம் எல்லாம் சேர்ந்தும் அந்த உயிரைக் காப்பாற்ற முடியவில்லை.

இன்று ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்து இருக்கிறது, அளவான குடும்பத்துக்கு வழி இருக்கிறது. மனைவி போன பிறகு மாளிகை எழுப்புவது மன்னரின் அன்பு. இருக்கும்போதே அவள் உடம்பைப் பேணுவது அதைவிடப் பெரிய அன்பு.

அலமாரியில் இருக்கும் தாஜ்மகால் அதைத் தினமும் நினைவூட்டுமானால், அதைவிட நல்ல கல்யாணப் பரிசு வேறு என்ன?