மூச்சிரைப்புக்கெல்லாம் தூசிதான் காரணமா?

கோலார் தங்கவயலில் ஒருவருக்கு மூச்சிரைத்தால் யாரும் காரணம் தேடி அலைவதில்லை. சுரங்கத்தில் உழைத்தவரானால் 'கல்தூசி' என்பார்கள். மற்றவரானால் 'ஆஸ்துமா' என்பார்கள். இதில் வியப்பில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்படும்வரை, நூறாண்டுக்கு மேலாகத் தமிழ்த் தொழிலாளர்கள் பாறையைக் குடைந்து அந்தத் தூசியைச் சுவாசித்தார்கள். சிலிகோசிஸ் நோய்க்கு உழைப்பாளியைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே உண்டு.

ஆனால் எல்லா மூச்சிரைப்பும் தூசியால் வந்ததல்ல. பிறவியிலேயே மூச்சுக்குழல் குறுகியவர்களும் இருக்கிறார்கள். குழலைத் தாங்கும் குருத்தெலும்பு வளையங்கள் பின்புறம் திறந்த லாட வடிவில் இருக்க வேண்டும். சிலருக்கு அவை முழு வட்டமாக அமைந்து வழியை நெருக்குகின்றன. இது அரிய குறை. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வெளிப்பட்டுவிடும். குறுக்கம் மிதமாக இருந்தால், 'ஓடினால் இளைக்கும் பிள்ளை' என்ற பெயரோடு வளர்ந்து, ஆஸ்துமா மருந்தோடு காலம் தள்ளுவார்கள். வேறு நோய்க்கு அறுவை சிகிச்சை நடக்கும்போது, மயக்க டாக்டர் செலுத்தும் குழாய் உள்ளே இறங்காமல் நின்ற பிறகே உண்மை தெரிவதும் உண்டு. அந்த நேரத்தில் தெரிவது உயிருக்கே ஆபத்து.

சிறு வயது முதல் இளைப்பு, மூச்சை உள்ளே இழுக்கும்போதும் இரைச்சல், இன்ஹேலரால் பயனின்மை ஆகியவை இருந்தால் சந்தேகிக்க வேண்டும். மூச்சை ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை குறிப்புத் தரும், சி.டி. ஸ்கேனும் பிராங்கோஸ்கோப்பியும் உறுதி செய்யும். குழலைக் குறுக்கே வெட்டி, இரு துண்டுகளையும் பிளந்து, ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தித் தைத்து அகலப்படுத்தும் முறையை லண்டன் மருத்துவர்கள் 1989-ல் வெளியிட்டார்கள்.

நோயின் பெயர் தவறினால் நஷ்டம் இருபுறமும் உண்டு. சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆனால் சட்டப்படி அது நஷ்டஈட்டுக்குரிய தொழில்நோய். அதை ஆஸ்துமா என்று எழுதினால் நியாயமான பணம் போகும். பிறவிக் குறுக்கத்தைத் தூசி என்று ஒதுக்கினால் கிடைக்கக்கூடிய சிகிச்சை போகும்.

விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள், சோதனைக்காக நாள்கூலியை இழக்க முடியாது. ஆகவே தங்கவயலில் இளைப்புள்ள ஒவ்வொருவருக்கும், சுரங்கத்தில் இறங்காத பெண்கள், பிள்ளைகள் உள்பட, ஊரிலேயே ஸ்பைரோமெட்ரி சோதனை கிடைக்கக் கர்நாடக அரசு ஆவன செய்ய வேண்டும். மக்களும் மருந்துச் சீட்டோடு திரும்பிவிடாமல், 'இது ஆஸ்துமாதானா?' என்று டாக்டரை ஒருமுறை கேட்க வேண்டும். கேட்பதில் தவறில்லை, கேட்காமல் விட்டால்தான் நஷ்டம்.