மேடையில் லாபம்... கணக்கில் நஷ்டம்!

நம்ம ஊர் வியாபாரி ஒருவர். வரி அதிகாரி வந்தால், "எங்க சார்... ஈ ஓட்டிக்கிட்டிருக்கோம்" என்பார். சம்பந்தி வந்தால் அதே கடையைக் காட்டி, "ஆண்டவன் புண்ணியத்துல அமோகமா போகுது" என்பார். கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், அந்தக் கடை ஒரு தேசத்தின் தாமிரச் சுரங்கமாக இருந்தால்?

ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவில் இருக்கிறது கொங்கோலா தாமிரச் சுரங்கம். தேறாது என்று ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனி 2002-ல் கையை உதறியது. 2004-ல் அனில் அகர்வாலின் வேதாந்தா 51 சதவிகிதப் பங்கை வாங்கியது. ரொக்கமாகக் கொடுத்தது இரண்டரைக் கோடி டாலர். பிறகு அடித்தது யோகம்! 2003-ல் டன் 1,800 டாலர் வாக்கில் கிடந்த தாமிரம், 2006 மே மாதம் 8,000-ஐத் தாண்டியது.

2013-ல் அதே சுரங்கம், 'கட்டுப்படியாகவில்லை, 1,500-க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைக்கப் போகிறோம்' என்றது. லைசென்ஸை ரத்து செய்துவிடுவேன் என்று அதிபர் மைக்கேல் சாட்டா சீறினார். அடுத்த வருடம் மார்ச்சில், பெங்களூருவில் ஒரு கூட்டம். 40 கோடி டாலர் கேட்ட சுரங்கத்தை இரண்டரைக் கோடிக்குப் பேசி முடித்த கதையையும், அது வருஷா வருஷம் 50 கோடி டாலருக்குக் குறையாமல் கொடுக்கிற கதையையும் அகர்வால் பெருமையாகச் சொன்னார். சபையில் கைதட்டல். வீடியோ வெளியானதும் ஜாம்பியா கொதித்தது. அரசு தணிக்கைக்கு உத்தரவிட்டது. நாங்கள் கோடிக்கணக்கில் முதலீடு போட்டிருக்கிறோம் என்றது கம்பெனி.

எது நிஜம்? என் சண்டை அதைப் பற்றியல்ல. மண்ணும் அவர்களுடையது, சுரங்கத்தில் 20 சதவிகிதத்துக்கு மேல் பங்கும் அந்த அரசுக்கு உண்டு. அப்படியிருந்தும் தன் சுரங்கம் என்ன சம்பாதிக்கிறது என்பதை யாரோ எடுத்த வீடியோவைப் பார்த்தா தெரிந்துகொள்ள வேண்டும்?

லாபத்தின் மீதுதான் வரி என்றால், லாபத்தை எழுதுகிற பேனா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். தாய்க் கம்பெனிக்கு நிர்வாகக் கட்டணம், கடனுக்கு வட்டி, சகோதரக் கம்பெனிக்குச் சகாய விலை... சுரங்கத் தொழிலில் லாபம் கரைய ஆயிரம் வழி. பலதும் சட்டப்படியே! வெட்டி எடுத்த தாமிரத்தின் எடை அப்படிக் கரையாது. சந்தை விலையும் ஊரறிந்தது. ஆகவே, வாசலில் எடை போட்டு ராயல்டி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். விலை விழுந்தால் கம்பெனி என்ன செய்யும் என்பீர்கள். நியாயமான கேள்வி. விலைக்கேற்ப ராயல்டியும் ஏறி இறங்கட்டும். ஜாம்பியா 2016-ல் அதைத்தான் செய்தது.

எந்த நோட்டிலும் ஏறாத செலவு இன்னொன்று உண்டு. 2006-ல் சுரங்கக் கழிவு காஃபுவே ஆற்றில் கலந்தது. தண்ணீரும் வயலும் பாழாயிற்று என்று கிராமத்து மக்கள் 1,800-க்கும் மேற்பட்டோர் லண்டன் வரை போய் வழக்காடினார்கள். அங்கேயே விசாரிக்கலாம் என்று 2019-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலேயே சமரசம் செய்துகொண்டது கம்பெனி.

தூத்துக்குடி ஸ்டெர்லைட்டும் இதே வேதாந்தாதான். 2018 துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போயின. தேசத்துக்கு ஆலையின் உற்பத்தி தேவை என்ற வாதத்தைக் கேட்ட பிறகும், மக்கள் நலன்தான் பெரிது என்று 2024-ல் நம் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது.

அதே 2024-ல், ஐந்து வருடம் முன்பு பறித்த கொங்கோலாவை ஜாம்பியா திரும்ப வேதாந்தாவிடமே ஒப்படைத்தது. நூறு கோடி டாலர் முதலீடு வருமாம். வரட்டும், சந்தோஷம். ஆனால், இந்த முறையாவது எடை மேடைக்குப் பக்கத்தில் அரசாங்கத்தின் ஆள் ஒருவர் நிற்கட்டும். கையில் நோட்டோடு!