மூட்டுவலியை வயதின் மேல் போட வேண்டாம்

குறுவையோ சம்பாவோ, டெல்டாவில் நடவு என்றால் சேற்றில் குனிந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். விரல் வீங்கினால் தைலம் தேய்க்கிறார்கள். வலி தாங்காவிட்டால் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை. மறுநாளும் வயலுக்குப் போனால்தான் கூலி.

உழைப்பால் வரும் வலியை நாம் மறுக்கவில்லை. அது ஓய்வெடுத்தால் தணியும். முடக்கு வாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ்) அப்படியல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. தூங்கி எழுந்த பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் விரல்கள் மடங்காது. இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கும். ஆறு வாரமாகியும் தணியாது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு, மூன்று மடங்கு அதிகம் பிடிக்கிறது.

ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் நடந்து 1993-ல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு இந்நோய் இருப்பதாகச் சொன்னது. அந்த அளவை வைத்துப் பார்த்தால், 2,000 பெரியவர்கள் உள்ள ஊரில் சுமார் 15 பேர். முதல் சில மாதங்களில் சிகிச்சை தொடங்கினால் மூட்டு கோணாமல் காக்கலாம். கோணிய பின் மருந்தால் நிமிர்த்த முடியாது.

மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்துகள் விலை குறைந்தவை. ஆனால் அதை வாரம் ஒருமுறைதான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எனவே மருத்துவர் கண்காணிப்பு அவசியம். கடையில் வாங்கும் ஸ்டீராய்டு வலியை மறைக்கும். எலும்பைத் தேய்த்து, சர்க்கரையைக் கூட்டும்.

எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்வது தீர்வாகாது. ஆர்.ஏ. ஃபேக்டர் நோயில்லாதவர்களுக்கும் பாசிட்டிவ் வரும். நோயாளிகள் சிலருக்கு நெகட்டிவ் வரும். கேள்விகள் கேட்டு, விரல் மூட்டுகளை அழுத்திப் பார்த்து, சந்தேகம் உள்ளவரை மட்டும் அனுப்புவதே முறை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறது. அதே ஊழியர்களிடம் மூன்று கேள்விகளைக் கூடுதலாகக் கொடுத்தால் போதும். அதோடு, அனுப்பப்படுபவரைப் பார்க்க மாவட்டந்தோறும் ருமட்டாலஜி மருத்துவர் வேண்டும். சென்னைக்குப் பயணமென்றால் கூலிப் பெண் நின்றுவிடுவார்.

நம் பள்ளிகளின் பின்வரிசையில் நாற்காலிகள் கூடுகின்றன. எல்லாமே வயதின் கோளாறு என்று விட்டுவிட வேண்டாம். ஜமாஅத்துகள் ஜும்ஆவுக்குப் பின் இந்த அறிகுறிகளை அறிவிக்கலாம். பெண்கள் மதரஸாவிலும் சொல்லலாம். முகாம் நடத்தும்போது, வயலில் உழைக்கும் எல்லாச் சமூகச் சகோதரிகளையும் அழைப்போம்.