ஆயுதப் பொறியாளருக்குக் கதவடைக்கும் அறிவுலகம்

புனேயில் இறங்கும் ஒவ்வொரு பயணிகள் விமானமும் தொடுவது இந்திய விமானப்படையின் ஓடுதளத்தைத்தான். லோகேகாவ் படைத்தளத்தின் ஒரு மூலையில் சிவில் விமானங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2024இல் அங்கே புதிய முனையமும் திறக்கப்பட்டது. அதே தளத்தில்தான் 2002இல் சுகோய்-30 எம்.கே.ஐ. போர் விமானங்கள் படையில் சேர்க்கப்பட்டன. ஓடுதளம் ஒன்று, காற்று ஒன்று, இயற்பியல் விதிகளும் ஒன்றே. ஆனால் வேலியின் ஒரு பக்கத்தில் இருபது ஆண்டுகள் ஜெட் என்ஜினைப் பிரித்துப் பூட்டியவர், ஓய்வு பெற்ற மறுநாள் மறு பக்கத்துக்கு வந்தால், அங்கே அவர் யாருமில்லை. வங்கி வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்பின் நுழைவாயிலிலும் காவலர் சீருடையில் நிற்கும் முன்னாள் படைவீரரைப் பார்க்காத இந்திய நகரம் இல்லை. அவர்களில் எத்தனை பேர் ரேடாரையும் ஹைட்ராலிக் அமைப்பையும் கையாண்டவர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு அரசைத் திட்டுவது எளிது, திட்டவும் வேண்டும். ஆனால் இதில் அறிவுலகத்துக்கு உள்ள பங்கு பேசப்படுவதே இல்லை. ராணுவ விமானப் பொறியியலிலிருந்து சிவில் வாழ்க்கைக்கு வருபவரைப் பல்கலைக்கழகம் இரண்டு வாயால் மறுக்கிறது. ஒரு வாய், “அரசுப் பணத்தில் கற்றதைத் தனியாரிடம் விற்கப் போகிறார்” என்கிறது. மறு வாய், “கொலைக் கருவி செய்தவருக்கு இங்கே என்ன வேலை?” என்கிறது. ஒன்று தேசபக்தியின் குரல், மற்றொன்று சமாதானத்தின் குரல். இரண்டும் ஒரே கதவைத்தான் சாத்துகின்றன.

முதல் குரலுக்குப் பதில் சொல்ல அதிக நேரம் வேண்டாம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்து, தாம்பரத்தில் உள்ளதைப் போன்ற தொழில்நுட்பப் பயிற்சி நிலையத்தில் கற்று, இருபது ஆண்டுப் பணி ஒப்பந்தத்தை முடித்து நாற்பதை ஒட்டிய வயதில் வெளியே வரும் படைவீரர் யாரையும் விட்டு ஓடவில்லை, விதிப்படி அனுப்பப்படுகிறார். 2022இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் அந்தக் காலம் நான்கு ஆண்டாகச் சுருங்கிவிட்டது. தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளப்படுவோர் 25 சதவீதத்துக்கு மேல் இல்லை. வெளியே போகச் சொல்லிவிட்டு, போகிறாயே என்று பழிப்பது என்ன நியாயம்?

இரண்டாவது குரல் மதிப்புக்குரியது. ஆகவே அதனுடன் கூடுதலாக மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அதற்குமுன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ராணுவ அனுபவம் அப்படியே சிவில் தகுதி ஆகிவிடாது. போர் விமானி ஆபத்தில் இருக்கையோடு வெளியே பாயலாம். பயணிக்கு அந்த வசதி கிடையாது. பேரழிவு விளைவிக்கும் ஒரு கோளாறு நூறு கோடிப் பறத்தல் மணி நேரத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டக்கூடாது என்பது பெரிய பயணிகள் விமான வடிவமைப்பின் அளவுகோல். பராமரிப்புப் பொறியாளர் தம் சொந்தப் பெயரில், சொந்த உரிமத்தின் பேரில் கையெழுத்திட்டு விமானத்தை விடுவிக்கிறார். ஆகவே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிகள் படை அனுபவத்தை ஏற்றுக்கொண்டே, கூடுதலாகச் சிவில் சூழலில் பணியாற்றிய அனுபவத்தையும் தேர்வுகளையும் கேட்பதில் தவறில்லை. தவறு, அந்தக் கூடுதல் படியை ஏற ஏணி வைக்காததில் இருக்கிறது. அந்த ஏணியைச் செய்து தர வேண்டிய இடம் கல்வி நிலையம்.

இப்போது கிடைக்கும் ஏணி எது? மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் அதிகாரிகளை ஐ.ஐ.எம். போன்ற நிலையங்களுக்கு 24 வார மேலாண்மைப் படிப்புக்கு அனுப்புகிறது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் உட்பொருளைக் கவனிக்க வேண்டும்: விமானக் கட்டமைப்பின் களைப்பு விரிசலை இருபது ஆண்டுகள் தேடிய ஒருவர் தம் பொறியியலைக் கழற்றி வைத்துவிட்டுப் பொதுவான மேலாளராக மறுபிறவி எடுக்க வேண்டும். கீழ்நிலைத் தொழில்நுட்பருக்கு அதே இயக்குநரகம் பட்டியலிட்ட காவல் நிறுவனங்கள் இருக்கின்றன. மேலே இருப்பவருக்குப் பவர்பாயின்ட், கீழே இருப்பவருக்கு விசில். இருவருடைய விமான அறிவும் ஒருசேரக் குப்பைக்குப் போகிறது.

பல்கலைக்கழகம் தன் பங்குக்குக் கட்டுரைகளை எண்ணுகிறது. பாதுகாப்பு ஆய்வின் பெரும்பகுதி இதழ்களில் வராது. வருவதற்கும் முன் அனுமதி வேண்டும். பாஷாணில் உள்ள படைக்கல ஆய்வு நிறுவனத்திலோ சுதார்வாடியின் உயர் ஆற்றல் பொருள் ஆய்வகத்திலோ பதினைந்து ஆண்டுகள் உழைத்தவரின் தன்விவரக் குறிப்பு, மூன்று ஆண்டு முனைவர் பட்ட மாணவருடையதைவிட மெலிந்திருக்கக்கூடும். 1998 அணு வெடிப்புச் சோதனைகளுக்குப் பிறகு அமெரிக்கா ஒத்துழைப்பை நிறுத்தியபோது, இலகு ரகப் போர் விமானத்தின் கணினிவழிப் பறத்தல் கட்டுப்பாட்டை இந்தியப் பொறியாளர்கள் தாங்களே முடித்து, 2001 ஜனவரி 4 அன்று பறக்கவும் வைத்தார்கள். அந்த உழைப்பை எச்-இண்டெக்ஸில் அளந்தால் எவ்வளவு வரும்? தேர்வுக் குழுவினர் ஒருமுறையாவது இதை யோசித்திருக்க வேண்டும்.

2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற பதவியைக் கொண்டுவந்தது. முனைவர் பட்டமும் ஆய்வுக் கட்டுரையும் கட்டாயமில்லை; 15 ஆண்டு அனுபவம் போதும். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த அனுபவம் உயர்பொறுப்பில் பெற்றதாக இருக்க வேண்டும். பதவிக்காலமோ நீட்டிப்பையும் சேர்த்து நான்கு ஆண்டைத் தாண்டாது. பொறியியலையும் ஆயுதப்படையையும் அது தனித்தனித் துறைகளாகப் பட்டியலிட்டிருப்பதே ஒரு வாக்குமூலம்போல இருக்கிறது.

மேலே இருப்பவர்களுக்கு எப்போதும் கதவு திறந்தே இருந்திருக்கிறது. பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த வி.எஸ். அருணாசலம் பின்னர் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இலகு ரகப் போர் விமானத் திட்டத்தை வழிநடத்திய கோட்டா ஹரிநாராயணா ஹைதராபாத் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். இருவரும் தகுதியால் அடைந்த இடங்கள், ஐயமில்லை. கேள்வி, அவர்களுக்குக் கீழே வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானோரைப் பற்றியது.

சமாதானக் குரலுக்கு வருவோம். தமிழ் மேடைகளில் கலாமின் காலிப்பர் கதை சொல்லப்படாத ஆண்டு இல்லை. ஏவுகணைக்கென உருவான இலகுவான கூட்டுப்பொருள், சுமார் 3 கிலோ எடையுள்ள உலோகக் காலிப்பரை இழுத்து நடந்த சிறுவர்களுக்கு 300 கிராம் காலிப்பராயிற்று. கண் கலங்க வைக்கும் கதைதான். ஆனால் அது ஒரு மருத்துவர் தற்செயலாக ஆய்வகத்துக்கு வந்ததால் நடந்தது என்பதைப் பேச்சாளர்கள் கடந்துபோகிறார்கள். மருத்துவர் அன்றைக்கு வராமல் போயிருந்தால்?

தற்செயலை நம்பாதவர்களும் இருந்தார்கள். 1976 ஜனவரியில் பிரிட்டனின் லூகாஸ் ஏரோஸ்பேஸ் நிறுவனத்துத் தொழிற்சங்கப் பிரதிநிதிகள், ஆட்குறைப்பை எதிர்த்து ஒரு மாற்றுத் திட்டத்தை முன்வைத்தனர். நிறுவன உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி ராணுவத்துக்கானது. எங்கள் கையில் இருக்கும் திறனைக் கொண்டு வேறு என்ன செய்யலாம் என்று தொழிலாளர்களே பட்டியலிட்டார்கள்: சிறுநீரக இயந்திரம், வெப்பப் பம்பு, சாலையிலும் தண்டவாளத்திலும் ஓடும் வண்டி, முதுகெலும்புப் பிறவிக் குறை உள்ள குழந்தைகளுக்கான சிறு ஊர்தி என ஏறத்தாழ 150 பொருள்கள். நிர்வாகம் அதை நிராகரித்தது. முன்னணியில் நின்ற வடிவமைப்புப் பொறியாளர் மைக் கூலி 1981இல் வேலையை இழந்தார். அதே ஆண்டு அவருக்கு வாழ்வுரிமை விருது என்று தமிழில் அறியப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஆயுதத் தொழிலைவிட்டு வெளியேறும் வழியை ஆயுதத் தொழிலில் இருப்பவரே வரைந்தார் என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. போர் எதிர்ப்பு பேசும் ஆய்வாளர் அத்தகையவரைக் கைகழுவினால், அவரை ஏவுகணையோடு ஆயுள்முழுதும் சங்கிலியிட்டுப் பூட்டும் வேலையைத்தான் செய்கிறார். வெளியே இடமில்லாதவன் உள்ளேயே இருப்பான்.

ராணுவத் தேவையின் பார்வையிலும் இது முட்டாள்தனமே. கர்ட் டாங்க் வடிவமைத்த எச்.எஃப்-24 மாருத் 1961இல் பறந்தது. அதற்கு நேர் வாரிசு என்று எதுவும் வரவில்லை. இலகு ரகப் போர் விமானத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 1983இல். இடைப்பட்ட காலத்தில் போர் விமானம் வடிவமைத்த கைகள் சிதறிப்போயின. பிரேசில் வேறு பாதையில் போனது. அந்நாட்டு விமானப்படையின் ஆய்வு மையத்தில் பொறியாளர்-அதிகாரி ஓசிரெஸ் சில்வாவின் குழு உருவாக்கிய பண்டெய்ராண்டே என்னும் சிறு பயணிகள் விமானம் 1968இல் பறந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரிக்க எம்ப்ரயர் நிறுவனம் பிறந்தது. அதே எம்ப்ரயரின் பயணிகள் விமானங்கள் இன்று இந்திய வானிலும் பறக்கின்றன. இந்தியாவின் சரஸ் 2004இல் முதன்முதலாகப் பறந்தது. பயணிகள் இன்னும் அதில் ஏறவில்லை.

புனேயில் இடம் இல்லாமல் இல்லை. கோத்ருடில் வாகன ஆய்வுக் கழகம், முந்த்வாவில் பாரத் ஃபோர்ஜ், ஹிஞ்சவாடி முழுவதும் பொறியியல் சேவை நிறுவனங்கள். விண்கலக் கட்டமைப்பைக் கணக்கிட நாசா 1960களில் உருவாக்கிய நாஸ்ட்ரான் மென்பொருள் நெடுங்காலமாகக் காரின் உடலைக் கணக்கிடுகிறது. மென்பொருளுக்கு இவ்வளவு சுலபமாகக் கிடைத்த குடியுரிமை, அதை இயக்கத் தெரிந்த மனிதருக்குக் கிடைக்கவில்லை. கடக்வாஸ்லா ஏரிக்கரையில் கிரிநகரில் இருக்கும் பாதுகாப்பு உயர்தொழில்நுட்ப நிறுவனம் 1952இல் படைக்கலக் கல்விக்கூடமாகத் தொடங்கியது. இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம், சிவில் மாணவர்களும் படிக்கிறார்கள். உள்ளே வர வழி செய்ய முடிந்த இடத்தில் வெளியே போகவும் வழி செய்யலாம். வெளியிட முடியாத பணியை, ரகசியக் காப்புறுதி பெற்ற ஓய்வுபெற்ற அறிவியலாளர் குழு மூடிய அறையில் மதிப்பிட்டு, ‘இவ்வளவு கட்டுரைக்கு நிகர்’ என்று சான்றளிக்க என்ன தடை? சிவில் உரிமத் தேர்வின் பாடங்களைப் படைவீரர் பணியின் கடைசி ஆண்டிலேயே மாலை வகுப்பாக நடத்த, லோகேகாவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கு எத்தனை அறைகள் தேவைப்படும்?

அக்னிவீரர்களின் முதல் அணி 2022 இறுதியில் பயிற்சிக்குச் சென்றது. நான்கைக் கூட்டினால் அவர்கள் வாசலுக்கு வரும் ஆண்டு தெரியும். அவர்களில் விமானத்தைத் தொட்டவர்களுக்கான பாடத்திட்டம் எந்தப் பல்கலைக்கழகக் கல்விக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது என்பதைக் குழு உறுப்பினர்கள்தாம் சொல்ல வேண்டும்.